ஐந்தடி இரண்டங்குலம்

நூல் வெதுவெதுப்பாக இருந்தது. ஆடி மாத மழை நான்கு நாளாக விடாமல் பெய்து, திருவனந்தபுரம் கரமனையில் இருந்த அந்த வீட்டில் தலையணை, தீப்பெட்டி, உப்பு ஜாடி எல்லாம் நமுத்துப்போய்க் கிடந்த வியாழக்கிழமை காலையில், ஃபிரிட்ஜின் மேலே பழைய பேப்பரில் சுற்றி வைத்திருந்த அந்த மஞ்சள் நூல் மட்டும் உலர்ந்து, யாரோ அதுவரை கைக்குள் பொத்தி வைத்திருந்து அப்போதுதான் கொடுத்ததுபோல் இளஞ்சூடாக இருந்தது. உமாசங்கர் அதை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தான். ஃபிரிட்ஜின் சூடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் யோசிக்க அவனுக்குத் தெம்பு இல்லை.

ஆசாரி ரதீஷ் முந்தின நாள் மரச்சட்டங்களை இறக்கிப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே வந்திருந்தான். அவன் மறந்து வைத்துவிட்டுப் போன, கோடு போடுகிற நூலாகத்தான் இருக்கும். ஆசாரிமார் நூலில் சாயப்பொடி தடவுவது வழக்கம்தானே. அளவு டேப்பை எங்கே வைத்தோம் என்று தேடத் தொடங்கினால் இன்னும் அரைமணி நேரம் போய்விடும். உமாசங்கர் நூலை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போய்ச் சட்டத்தின் மேல் இழுத்துப் பிடித்தான். ரதீஷ் பென்சிலால் குறித்து வைத்திருந்த ஐந்தடி இரண்டங்குலத்துக்கு நூல் மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எட்டு மாதத்தில் முதல்முறையாக ஒரு காரியம் தானாகவே சரியாக வருகிறதே என்று அவனுக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது.

எட்டு மாதமாக அவன் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு தேய்ந்திருந்தான். இடையில் வேலைக்குப் போன நாட்களில் இன்சூரன்ஸ் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினான். இப்போது மனைவி ஸ்ரீலட்சுமிக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடட்டும், தூங்கட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஊசி ஏற்றிய நாட்களில் அவள் போனில் பார்த்ததெல்லாம் பவளப்பாறை மீன்தொட்டிகள்தான். நீல வெளிச்சத்தில் பூ மாதிரி விரிந்து சுருங்குகிற பவளங்களையும், அவற்றுக்கு நடுவே புகுந்து வருகிற ஆரஞ்சுப் பட்டை மீன்களையும் பார்த்துக்கொண்டே கிடப்பாள். "வீட்டுக்குப் போனா இத மாதிரி ஒண்ணு வைக்கணும் அத்தான்" என்று ஒருநாள் சொன்னாள். அவனிடம் அவள் அந்த எட்டு மாதத்தில் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

அவள் போய்விடுவாள் என்ற பயம் ரிப்போர்ட் வந்த பிறகும் அவனை விட்டுப் போகவில்லை. வயிற்றுக்குள் எங்கோ ஒரு மூலையில் அது உட்கார்ந்திருந்தது. தொட்டியைக் கடையில் வாங்கினாலும், அதைத் தாங்குகிற ஸ்டாண்டைத் தன் கையால் செய்துவிட்டால் அந்தப் பயம் எழுந்து போய்விடும் என்று அவனுக்கு ஏனோ தோன்றியது. கடல் தொட்டி லேசான சாமானில்லை. ஐந்தடிக் கண்ணாடி, மணல், பாறை, முந்நூறு லிட்டர் உப்புத்தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் ஐந்தாறு ஆள் கனம் வரும். அத்தனையையும் நான்கு கால்கள் ஆடாமல் அசையாமல் சுமக்க வேண்டும். அவன் பத்து நாள் லீவு போட்டான்.

முதல் குறை பத்து மணிக்கே தெரிந்துவிட்டது. மேல் சட்டத்தின் ஒரு முனையில் அவன் செதுக்கிய நாக்கு மெலிந்துபோய், காலில் குடைந்த துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. ரதீஷிடம் கேட்கலாம். ஆனால் ரதீஷ் வருவதற்குள் மதியமாகிவிடும், வந்தால் பேசுவான், பேசினால் பதில் சொல்ல வேண்டும். குழாய் மாட்டுகிறவர்கள் மரையில் நூல் சுற்றுவதை உமாசங்கர் பார்த்திருக்கிறான். அந்த மஞ்சள் நூலைப் பசையில் தோய்த்து, நாக்கைச் சுற்றி ஒழுங்காக வரிவரியாகச் சுற்றினான். ஐந்தடி இரண்டங்குலமும் தீர்ந்தது. துளையில் பொருத்திச் சுத்தியலால் அடித்தான். மூன்றாவது அடியில் சட்டம் உள்ளே இறங்கி, பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தத்தோடு இறுகியது.

உள்ளே டம்ளர் விழுந்து உருண்டது.

"அத்தான், கொஞ்சம் இங்க வருவியளா?"

படுக்கையறை ஜன்னல் ஷெட்டைப் பார்த்துத்தான் இருந்தது. ஸ்ரீலட்சுமி கட்டிலில் உட்கார்ந்து பிடரியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். தலையில் புதிதாக முளைத்திருந்த முடி வியர்வையில் ஒட்டியிருந்தது.

"கழுத்து பிடிச்சுக்கிட்டு. ஆரோ பின்னால இருந்து ஆப்பு வச்சு அடிச்ச மாதிரி இருந்து."

"தலையணை மாறிப் படுத்திருப்ப. தைலம் தேச்சு விடுதேன், போயிரும்."

தேய்த்துவிட்டான். அவன் விரல்களில் பசை காய்ந்து ஒட்டியிருந்ததால் சரியாகத் தேய்க்க வரவில்லை. எட்டு மாதத்தில் அவள் சொல்லாத வலி கிடையாது. நகத்தில் வலி, பல்லின் வேரில் வலி, கண்ணீர் வருகிற இடத்தில் வலி. ஆரம்பத்தில் ஒவ்வொன்றுக்கும் அவன் பதறி எழுந்து டாக்டருக்குப் போன் செய்வான். இப்போது கை மட்டும் எழுந்து தைலத்தை எடுத்தது. மனசு எழுந்திருக்கவில்லை. அது அவனுக்கே தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மத்தியானத்திலிருந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். தகரக் கூரையில் மழை ஒரே தாளத்தில் கொட்டிக்கொண்டிருக்க, மரத்தூள் ஈரக்காற்றில் பறக்காமல் அவன் முழங்காலைச் சுற்றி மாவுபோல் படிந்தது. ரப்பர் மரத்துக்கென்று புளித்த ஒரு வாடை உண்டு. ஆனால் அவன் தேய்க்கத் தேய்க்க அந்த வாடை விலகி, டெட்டாலும் வியர்வையும் மாத்திரையின் கசப்பும் கலந்த வேறொரு வாடை வந்தது. ஆஸ்பத்திரி வாடை நம் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்து, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு தேய்த்தான். சாயங்காலம் அவன் உள்ளே போனபோது ஸ்ரீலட்சுமி இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சிவந்து, ஒரே திசையில் கோடுகோடாக உரிந்திருந்தது.

"மேலெல்லாம் எரியுது. நான் சொறியவே இல்ல, சத்தியமா."

"மருந்துக்க சூடாக்கும். தேங்காயெண்ணெ போட்டா அடங்கிரும்" என்றான். அப்படித்தான் நம்பினான்.

வெள்ளிக்கிழமை காலையில் ரதீஷ் வந்தான். ஸ்டாண்டைச் சுற்றி நடந்து, மூலைகளைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, தலையை ஆட்டினான். அடுத்தவன் செய்த வேலையை ஆசாரி ஒருவன் பாராட்டுவது அபூர்வம். உமாசங்கருக்குக் கண் கலங்கும்போல் ஆகிவிட்டது. அத்தனை களைத்திருந்தான்.

"கொள்ளாம் சாரே. ஒண்ணு கேறி நோக்கட்டே?"

பதிலுக்குக் காத்திராமல் ரதீஷ் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டாண்டின் மேல் ஏறினான். எண்பது கிலோ இருப்பான். நடுவில் நின்று இரண்டு முறை குதித்தான்.

உள்ளே இருந்து வந்த சத்தத்தை உமாசங்கர் முதலில் அவளுடையது என்றே நினைக்கவில்லை. சாக்கில் காற்றை அடைத்துவைத்து, அதன்மேல் யாரோ மிதித்ததுபோல் இருந்தது.

ஓடினான். அவள் கட்டிலின் ஓரத்தில் சுருண்டு, காலையில் குடித்த கஞ்சியை எல்லாம் தரையில் கக்கியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. "ஆரோ என் வயத்துல ஏறி..." என்று தொடங்கி, முடிக்க மூச்சில்லாமல் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் துடைத்தான், நைட்டியை மாற்றினான், டாக்டரைப் போனில் கூப்பிட்டான். கேஸாக இருக்கும், இந்த மருந்து போடுங்கள் என்றார். ஜன்னல் கம்பிக்கு அப்பால் ரதீஷ் சங்கடத்துடன் எட்டிப் பார்த்து, "எந்து பற்றி சாரே?" என்றான். "ஒண்ணுமில்ல, கேஸு" என்றான் உமாசங்கர். அந்த நேரத்தில் ஏதோ ஒன்று அவன் நினைவின் ஓரத்தில் வந்து நின்றது. சத்தமும் குதிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததே என்று. அதைப் பிடித்து இழுத்து முழுசாகப் பார்க்க ஒரு நல்ல தூக்கம் தூங்கியிருக்க வேண்டும். அவன் தரையைத் துடைக்கப் போனான்.

அன்று வார்னிஷ் அடித்தான். வாசனை வீடெல்லாம் ஏறியது. ஸ்ரீலட்சுமிக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. நாக்கெல்லாம் மெழுகு பூசினதுபோல் இருக்கிறது என்றாள். சாப்பாட்டைத் தொடவில்லை. அவள் கன்னத்தில் மெல்லிய பளபளப்பு வந்திருப்பதைப் பார்த்து, முகம் தெளிகிறது என்று அவன் மகிழ்ந்தான்.

மறுநாள் சனிக்கிழமை. ரதீஷும் இன்னும் இரண்டு பேருமாக ஸ்டாண்டை ஹாலில், படுக்கையறைக் கதவுக்கு நேர் எதிரே வைத்தார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டே தொட்டியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கண்ணாடித் தொட்டியைத் தூக்கி ஸ்டாண்டின்மேல் இறக்கினார்கள். கால்கள் அசையவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தான், குமிழி நட்டநடுவில் நின்றது. "ஆனை கேறினாலும் அனங்காது, கேட்டோ" என்று சொல்லிவிட்டு ரதீஷ் போய்விட்டான்.

"எப்படி இருக்கு?" என்று உமாசங்கர் கதவு வழியாகக் கேட்டான்.

ஸ்ரீலட்சுமி சிரிக்க முயன்றாள். கைகளைப் பக்கத்தில் நீட்டி, கால்களைச் சேர்த்து, ரொம்ப நேராகப் படுத்திருந்தாள். "நல்லாருக்கு. நெஞ்சு மட்டும் கொஞ்சம் கனமா இருக்கு. தலையணை ஏதாவது மேல கெடக்கா அத்தான்?"

ஒன்றும் கிடக்கவில்லை. போர்வைகூட இல்லை.

மணல் கொட்டினான். ஒவ்வொரு பாறையாகத் தூக்கி அடுக்கினான். முழங்கை ஸ்டாண்டின் சட்டத்தில் பட்டபோது மரம் லேசாக மேலெழுந்து தாழ்வதுபோல் இருந்தது. கையை எடுத்துவிட்டு, மறுபடி உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். எழுந்தது. தாழ்ந்தது. இடையில் ஒரு நிறுத்தம். மறுபடி எழுந்தது. ரோட்டில் லாரி போகிறது, தரை அதிர்கிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். இந்த மழையில் தெருவில் சைக்கிள்கூடப் போகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அதன்மேல் நிற்காமல் அடுத்த வேலைக்குப் போனான். வேலை நின்றால் விழுந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

பின்கட்டில் நீல டிரம்மில் உப்புத்தண்ணீர் கலந்து வைத்திருந்தான். சின்ன மோட்டாரை இறக்கி, டியூபை ஹாலுக்கு இழுத்துவந்து தொட்டிக்குள் விட்டு சுவிட்சைப் போட்டான். மணி மூன்று. மேகம் அடைத்திருந்ததால் ஹாலில் விளக்கெரிய வேண்டியிருந்தது. படுக்கையறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டியூபின் முனை மணலைக் கிளறாதபடி பிடித்து நின்றான். தண்ணீர் கண்ணாடியில் விரல் விரலாக ஏறியது. உப்பு வாடை. மழைச் சத்தம். மோட்டாரின் ரீங்காரம். நின்றுகொண்டே அவனுக்குக் கண் சொருகியது.

"அத்தான்."

"ம்."

"போதும் அத்தான்."

"இன்னும் பாதிகூட ஆகல்ல. சத்தம் கொஞ்ச நேரந்தான், பொறுத்துக்க."

பாதி ஏறியது. முக்கால் ஏறியது. ஸ்டாண்டின் மூட்டுகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டு, அப்புறம் மௌனமாயின. படுக்கையறையிலிருந்து இருமலோ முனகலோ இல்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவன் நிம்மதியடைந்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் வலி என்று சொல்லாத பத்து நிமிஷம். அதை அவன் ஆசையோடு அனுபவித்தான். பின்னாளில் அவனால் தன்னை மன்னிக்க முடியாமல் போனது அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான்.

போன் அடித்தது. நாகர்கோவிலிலிருந்து மாமியார் சிவகாமியம்மாள்.

"மாப்பிள்ளே, லச்சுமிக்கு எப்படி இருக்கு? நம்ம சுஜின் நாளைக்குத் திருவந்திரத்துக்கு வாறான். அவன் கையில அந்த நூலைக் குடுத்து விடணும். வாற வெள்ளி நம்ம குடும்பத்து அம்மனுக்கு அதைத் திரியாப் போட்டு எரிச்சிரணும்."

"எந்த நூலு?"

"மஞ்சப் பூசின நூலு. போன மாசம் வந்தப்ப ஃபிரிட்ஜுக்க மேல வச்சேன் இல்லியா? நீங்க ஆபீசுக்குப் போயிருந்திய. லச்சுமியப் படுக்க வச்சு, உச்சியில இருந்து பெருவெரல் வரைக்கும் அளந்து எடுத்தது. அஞ்சடி ரெண்டங்குலம். அவகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன், மருந்து மயக்கத்துல மறந்திருப்பா."

டியூபிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அளந்து முடிச்சா நூலுதான் அவ. அம்மை கையில அவளையே குடுக்கது மாதிரியாக்கும். அத வேற ஒண்ணுக்கும் எடுக்கப்பிடாது மாப்பிள்ளே, வேற ஒண்ணோடயும் சேத்துக் கெட்டப்பிடாது. கேக்குதா? மாப்பிள்ளே?"

அவன் திரும்பினான்.

ஸ்ரீலட்சுமி தூங்கவில்லை. கண்கள் திறந்து அவனையே பார்த்திருந்தன. வாய் அகலமாகத் திறந்திருந்தது. உள்ளே போக மூச்சில்லை. நெஞ்சு மெத்தைக்குள் பதிந்திருந்தது. மெத்தையும் அவளைச் சுற்றிப் பள்ளமாகி, கட்டிலின் பலகை வளைந்திருந்தது. ஐந்தாறு ஆள் கனம். கைகள் பக்கத்தில் நீட்டியபடியே. ஒரு விரலைக்கூட அவளால் தூக்க முடியவில்லை. கண்ணிலிருந்து காதுக்கு நீர் வழிந்து காய்ந்து தடமாகியிருந்தது. ரொம்ப நேரமாகப் பார்த்திருக்கிறாள். அவன் முதுகை.

சுவிட்ச். அணைத்தான். போதாது. டியூபின் மறுமுனையை இழுத்தெடுத்து வாயில் வைத்து உறிஞ்சினான். உப்புத்தண்ணீர் தொண்டையில் அடித்தது. டியூப் வழியாக நூலிழையாக வடிந்தது. இப்படி வடிந்தால் ஒரு மணி நேரம். அவள் நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. சுத்தியல். எங்கே சுத்தியல். ஷெட்டில். ஓடினான். வந்தான். அடித்தால் அவளுக்கு விழுமா? கண்ணாடியில்தான். மரத்தில் படக் கூடாது. மரத்தில் படவே கூடாது.

அடித்தான்.

முந்நூறு லிட்டர் ஒரே மூச்சில் அவன் நெஞ்சின்மேல் வந்து மோதித் தள்ளியது. மணலும் பாறையும் கண்ணாடியும் தரையில் சிதறின. தண்ணீர் படுக்கையறை வாசலைத் தாண்டிக் கட்டிலின் கீழே போனது. அந்த இரைச்சலுக்கு நடுவே, இழுத்து இழுத்து, ஓட்டைக் குழாயில் காற்று ஏறுவதுபோல் ஒரு மூச்சு. அப்புறம் இன்னொன்று. அவன் முழங்காலில் தவழ்ந்து, கண்ணாடித் துண்டுகள் கையைக் கிழிக்க, ஸ்டாண்டின் மேல் கிடந்த மிச்சப் பாறைகளையும் மணலையும் வாரி வாரி வெளியே போட்டான். ஒவ்வொரு முறை வாரியபோதும் அவள் மூச்சு நீண்டது. கடைசியில் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு அவனும் ஈரத்தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். போனில் மாமியாரின் குரல் சோபாவுக்கடியில் எங்கோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

நூலைக் காணவில்லை என்று மட்டும் அன்றிரவு மாமியாரிடம் போனில் சொன்னான். வேறொன்று அளந்து கொண்டுபோகலாமா என்று கேட்டான். சிவகாமியம்மாள், "ஒருத்திய ஒருக்கத்தான் அளக்கணும். தேடிப் பாருங்க" என்றாள்.

தேட வேண்டியதில்லை. மேல் சட்டம் காலோடு சேருமிடத்தில், வார்னிஷுக்கு அடியில் மஞ்சளாக ஒரு இழை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைச் சின்ன இடுக்கியால் பற்றி, மெதுவாக, ஒரு நெல் அளவு இழுத்தான். உள்ளறையில் அவள் தலை தானாகவே பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது. நிற்காமல் திரும்பியது. அலறினாள். இழையை விட்டுவிட்டான். பசை இறுகி, மரமும் நூலும் ஒன்றாகியிருந்தன. அறுத்து எடுக்க வழியில்லை. எரிப்பதை நினைக்கவே முடியவில்லை. ரதீஷ் வந்து உடைந்த கண்ணாடியைப் பார்த்து வாயில் கைவைத்தான். "இது பிரிச்சு எடுத்துப் போயி வேற செய்து தராம் சாரே" என்று ஸ்டாண்டில் கைவைக்கப் போனவனை, "தொடாத!" என்று உமாசங்கர் போட்ட சத்தத்தில் அவன் இரண்டடி பின்னால் போனான். அதன் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

சரி, இருக்கட்டும் என்று உமாசங்கர் முடிவுசெய்தான். அதன்மேல் ஒன்றும் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு காகிதம்கூட. துணியால் ஒற்றி ஒற்றி அதைத் துடைத்தான். சுவரோரமாக அதை நகர்த்தக்கூட அவனுக்குத் துணிவு வரவில்லை. அது நின்ற இடத்திலேயே இருக்க, போர்வை ஒன்றை அதற்குப் பக்கத்தில் மட்டும் விரித்து, ஹாலில் தரையில் படுத்துக் காவல் இருந்தான். லீவை நீட்டினான். ஆயுசு முழுக்க இப்படித்தான் என்றாலும் சரி, அவள் இருக்கிறாள் அல்லவா என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு வந்ததும் எட்டு மாதத்துச் சோர்வு அத்தனையும் காலில் இறங்கியதுபோல் அவன் முதல்முறையாக அயர்ந்து தூங்கினான்.

அவளும் தேறினாள். தோல் சிவப்பு ஆறியது. நெஞ்சுப் பாரம் போய்விட்டது. கழுத்து மட்டும் விறைப்பாகவே இருந்தது. ஒரு வாரம் கழித்து இரண்டு தோசை சாப்பிட்டாள். கன்னத்தில் அந்தப் பளபளப்பு அப்படியே இருந்தது. "எந்நேரமும் அந்த மேசையவே பாத்துக்கிட்டு இருக்கிய, நான் எதுக்கு இங்க கெடக்கேன்?" என்று கேலி செய்தாள். நடந்தது எதையும் அவன் அவளிடம் சொல்லவில்லை. மூச்சுத்திணறல் வந்தது, பயத்தில் தொட்டியைத் தட்டிவிட்டேன் என்று சொல்லியிருந்தான். அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை. மழை மட்டும் விடவில்லை. சுவர்களில் ஈரம் இடுப்பளவு ஏறியிருந்தது. ஹாலின் தரையோடுகளுக்கு நடுவே உப்புத்தண்ணீர் இறங்கின இடங்கள் காயவே இல்லை.

அதற்கடுத்த புதன்கிழமை காலையில் வெளிச்சம் கொஞ்சம் வந்தது. உமாசங்கர் தேங்காயெண்ணெயைச் சூடுசெய்து எடுத்துக்கொண்டு கட்டிலில் அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"காலு பிடிச்சு விடட்டுமா?"

"ரெண்டு நாளா காலு இருக்கதே தெரியல்ல. அவ்வளவு சொகமா இருக்கு" என்றாள் ஸ்ரீலட்சுமி. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். "பிடிங்க."

இடது காலை மடியில் எடுத்து வைத்தான். நினைத்ததைவிட லேசாக இருந்தது. மெலிந்துதான் போயிருக்கிறாள், இன்னும் சாப்பிட வேண்டும். பாதத்தில் எண்ணெய் தேய்த்தான். குதிகாலில் ஏதோ நெருடியது. மண் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கட்டைவிரலால் துடைத்தான். போகவில்லை. நைட்டியைக் கொஞ்சம் மேலே ஏற்றினான்.

குதிகாலிலிருந்து கணுக்காலைச் சுற்றி, ஆடுதசை வழியாக, பென்சில் பருமனில் செம்மண் தடம் ஒன்று மேலே போயிருந்தது. ஈரமாக. புதிதாக. முழங்காலில் இரண்டாகக் கிளை பிரிந்து தொடையில் ஏறி, துணிக்குள் மறைந்தது.

ஹாலில் ஸ்டாண்டின் காலில் கரையான் ஏறியிருப்பதை அவன் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நகத்தால் அந்தத் தடத்தைக் கீறினான். மண் பொடிந்து உதிர்ந்தது. அதற்கடியில் தோல் இல்லை. வெள்ளையாக, அரிசி மணி மணியாக, கூசும் வெளிச்சத்தில் பதறி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அவளுக்குள்ளே ஓடின.

"ஏன் நிறுத்திட்டிய?" என்றாள் ஸ்ரீலட்சுமி, கண்ணைத் திறக்காமல். "வலிக்கவே இல்ல அத்தான். தேய்ங்க."

மழை ஒரு கணம் ஓய்ந்திருந்தது. அந்த அமைதியில், அவன் மடியில் கிடந்த காலுக்குள்ளிருந்து, காய்ந்த மரத்தை நூறு வாய்கள் கறும்புகிற பொடிச்சத்தம் அவனுக்கு நன்றாகக் கேட்டது. அவன் கீறிய இடத்தை உள்ளேயிருந்து ஈரமண் மறுபடி மூடத் தொடங்கியிருந்தது.